தேடலில் சிக்காத தருமபுரி: உள்ளூர் நூல்களின் மின்கோப்புகளைச் சீர்செய்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறு அச்சகங்கள் வழியாக வந்து, முதல் பதிப்போடு காணாமல் போன நூல்கள் நிறைய. நடுகல் கட்டுரைகள், தெருக்கூத்துப் பிரதிகள், ஓசூர் - தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நாட்டுப்பாடல் தொகுப்புகள், நாட்டு மருத்துவக் குறிப்புகள், ஒகேனக்கல் மீனவர்களைப் பற்றிய சிறுநூல் என்று பல வகை. அவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட நூல்களின் கோப்புகள், ஆசிரியர்களோ அவர்கள் குடும்பத்தாரோ எழுத்தில் இசைவு தந்தபின் எங்களிடம் வந்தன. வேலை செய்தவர்கள் நான்கு பேர்: தருமபுரியில் டிடிபி மையம் நடத்துபவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர், நான்.

கோப்புகள் ஏற்கெனவே ஒருமுறை மின்னூலாக மாற்றப்பட்டவை. எங்கோ காசு கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறார்கள். போனில் திறந்தால் திறக்கும், பக்கம் புரளும், அட்டைப்படம் கூட அழகாகத்தான் இருந்தது. பிரச்சினை வேறு வழியில் தெரியவந்தது. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் மின்னூல்களைப் போனின் குரல் வழியாகத்தான் கேட்பார். நடுகல் நூலை ஓடவிட்டுக் கேட்டவர், “நம்ம ஊர்ப் பேரையே கொளறுதே சார், இதுக்கு என்ன பண்றது?” என்றார். அந்த நூலில் ‘தருமபுரி’ என்று தேடிப் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. நூலின் தலைப்பிலேயே தருமபுரி இருக்கிறது!

ஊர்ப்பெயருக்குள் நுழைந்த கால்

கண்ணுக்கு எல்லாம் சரி. உள்ளே மட்டும் ‘ரி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ாி’ இருந்தது. அதாவது ர என்ற எழுத்துக்குப் பதில் துணைக்கால், அதன்மேல் இகரக் குறி. பழைய அச்செழுத்தில் ர், ரி, ரீ மூன்றையும் கீழ்க்கோடு இல்லாமல் வார்ப்பது உண்டு. அப்படி வார்த்தால் அது துணைக்கால் மாதிரியே இருக்கும். அந்தப் பழக்கத்தில் டிடிபி காலத் தட்டச்சர்கள் கால் விசையையே தட்டினார்கள். தாளில் அச்சாகும் வரை யாருக்கும் நட்டமில்லை. எல்லாக் கருவியிலும் செல்லும் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றும் மென்பொருள் தட்டியதை அப்படியே எடுத்துக்கொண்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரிடமும் சிக்காது. தேடலிடமும் குரலிடமும்தான் சிக்கும்.

திருத்துவது எளிது என்று தோன்றும். தமிழில் துணைக்காலை அடுத்துப் புள்ளியோ இகரக் குறியோ ஈகாரக் குறியோ வரவே முடியாது. எனவே அப்படி வரும் கால்களை எல்லாம் ர ஆக்கிவிடலாம். சரி, ஆனால் வரிசை முக்கியம். ‘பெரிய’ என்பதைக் கால் போட்டுத் தட்டினால் கோப்பில் ப, ஒற்றைக் கொம்பு, கால், இகரக் குறி என்று இருக்கும். பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தை முதலில் ஓட்டினால், அது கொம்பையும் காலையும் சேர்த்து ஒகரக் குறியாக்கிவிடும். ‘பெரிய’ போய் ‘பொிய’ வந்துவிடும். ‘நேர்’ என்பது ‘நோ்’ ஆகும். இணையத்தில் இந்தப் ‘பொிய’வைப் பார்க்காத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். அது எழுத்துப்பிழை இல்லை, வேலையை முன்பின்னாகச் செய்ததன் தடயம். எங்களுக்கு வந்த கோப்புகளில் பாதியில் இயல்பாக்கம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அதனால் முதலில் ஒகர, ஓகாரக் குறிகளை அடுத்துப் புள்ளியோ இகரமோ ஈகாரமோ வந்தால் அவற்றைப் பிரித்தோம், பிறகு காலை ர ஆக்கினோம், கடைசியில்தான் இயல்பாக்கம்.

அடுத்தது ஔ. தகடூர் அதியமானையும் நெல்லிக்கனியையும் பேசாமல் இந்த மாவட்டத்தில் உள்ளூர் நூல் எழுத முடியாது, ஆகவே ஔவை பக்கத்துக்குப் பக்கம் வருவார். எல்லா இடத்திலும் ஒ போட்டு ள போட்டு ‘ஒளவை’. ‘கௌரவம்’ அதேபோலக் ‘கெளரவம்’. இதை யூனிகோடு இயல்பாக்கம் தொடாது. ள வேறு எழுத்து, ஔகாரத்தின் பின்பாதிக் குறி வேறு எழுத்து என்றுதான் அதற்குத் தெரியும். ‘ஒளவ’ என்பதை ‘ஔவ’ ஆக்குவதில் ஆபத்தில்லை. கொம்புக்குப் பின் வரும் ள-வைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால்தான் விபரீதம். ‘வெளியூர்’ உடையும், ‘தெளிவு’ உடையும், ஒகேனக்கல் நூலில் கெளுத்தி மீன் சிதறிப் போகும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்று என்று மாணவர் விதியை இறுக்கினார். உரைநடை நூல்களுக்கு அது போதுமாக இருந்தது. நாட்டுப்பாடல் நூலுக்குப் போதவில்லை. அங்கே ‘வெளக்கு’ ஏற்றுகிறார்கள், ‘வெளஞ்ச’ கேழ்வரகை அறுக்கிறார்கள். பேச்சு வழக்கை அப்படியே பதிவு செய்த நூலில் இந்த விதியை ஓட்டினால் ‘வௌக்கு’தான் எரியும். பாட்டு நூல்களை இந்த விதியிலிருந்து விலக்கி, ஒவ்வொரு இடமாகக் கையால் பார்த்தோம்.

ழ-வில் தொடங்கும் சொல்

நடுகல் நூலின் நடுவில் சில பத்திகள் புரியாத தமிழாக இருந்தன. எழுத்தெல்லாம் தமிழ், சொல் ஒன்றுகூடத் தமிழில்லை. ‘ழக வாந’ என்ற தொடர் அங்கங்கே திரும்பத் திரும்ப வந்தது. தமிழாசிரியர்தான் முதலில் நிமிர்ந்தார். “ழ-வுல ஆரம்பிக்கிற சொல்லு தமிழ்ல ஏது கண்ணு? இது வேற ஏதோ பாஷை.”

வேறு பாஷைதான், ஆங்கிலம். மூல நூல் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. பாமினியில் ஆங்கில விசைகளுக்கே தமிழ் வடிவம் கொடுத்திருப்பார்கள். ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்ட வேண்டும். எழுத்துரு விவரத்தைப் பார்க்காமல் வெறும் எழுத்தை மட்டும் எடுத்து மாற்றியதால், நூலில் இருந்த ஆங்கில மேற்கோள்களும் தமிழாகிவிட்டன. ஓ விசை ழ, எஃப் விசை க. டி விசை வ, எச் விசை கால், இ விசை ந. ‘ஆஃப் தி’ என்ற ஆங்கிலத் தொடர்தான் ‘ழக வாந’ ஆகியிருந்தது. 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தோடு இருந்ததால், நூலாசிரியர் ஆங்கிலேயர் காலச் சேலம் மாவட்ட ஆவணங்களில் இருந்து நிறைய மேற்கோள் எடுத்திருந்தார். அவ்வளவும் இப்படிப் போயிருந்தது.

இதிலிருந்துதான் இந்த வேலையின் சிறந்த கருவி கிடைத்தது என்பேன். அது மென்பொருள் இல்லை, பள்ளியில் படித்த மொழிமுதல் எழுத்து விதி. ழ, ள, ற, ன, ண இந்த ஐந்தில் தொடங்கும் சொற்களை மட்டும் ஒவ்வொரு நூலிலிருந்தும் பட்டியலாக எடுத்தோம். டகரமும் ரகரமும் லகரமும் கடன்சொற்களில் சகஜமாக வருவதால் அவற்றை விட்டுவிட்டோம். அதோடு உயிர்க்குறியில் தொடங்கும் சொற்கள், இரண்டு குறி அடுக்கி வரும் இடங்கள், சொல்லின் நடுவில் தனி உயிரெழுத்து வரும் இடங்கள். சொற்பிழை திருத்தும் மென்பொருள் எதுவும் இல்லாமலே கோப்பில் சிதைந்த இடங்களில் பெரும்பகுதி இந்தப் பட்டியல்களில் வந்து நின்றது. ‘வாந’ என்று தேடியபோது மருத்துவ நூலில் இருந்த வாந்தியெல்லாம் வந்து நின்றது தனிக்கதை. சொல் முழுவதும் ‘வாந’ மட்டுமே என்றால் காட்டு என்று தேடலை மாற்றிய பிறகு ஓய்ந்தது.

சிக்கிய ஆங்கிலப் பத்திகளைத் திரும்பவும் விசைகளாக்கினால் ஆங்கிலம் மீண்டு வந்தது. பெரிய எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் சில இடங்களில் வரவில்லை. அவற்றை அச்சு நூலைப் பார்த்துப் போட்டோம்.

நடு உயிரெழுத்துப் பட்டியலில் எதிர்பாராத விருந்தாளி அளபெடை. கூத்துப் பாட்டில் இழுத்துப் பாடுவதைக் காட்ட ‘வந்தேஏஏன்’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பிழை என்று நினைத்துச் சுருக்கினால் பாட்டே போய்விடும்.

எதைத் தொடக்கூடாது

மின்னூல் சுத்தம் செய்வது பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக எதை நீக்க வேண்டும் என்பதில்தான் தொடங்குவார்கள். வெற்றுப் பத்திகளை நீக்கு, இரட்டை இடைவெளியை ஒன்றாக்கு, வரி முறிவுகளைச் சேர்த்துப் பத்தியாக்கு, புள்ளிகளை மூன்றாகக் குறை. நாவலுக்கு இது சரி. எங்களிடம் இருந்தவற்றில் இந்த நான்கு கட்டளைகளும் நான்கு விதமான சேதம் செய்யக்கூடியவை.

நடுகல் கல்வெட்டு வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் எந்த இடத்தில் வரி முடிகிறதோ அங்கேதான் அச்சிலும் முடியும். ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், அப்படித்தான் கல்லில் இருக்கிறது. வரிகளைச் சேர்க்கும் விதி இதைப் பார்த்தால் உடைந்த பத்தி என்று நினைத்து ஒட்டிவிடும். சிதைந்த எழுத்துகளுக்கு எங்கள் நூலாசிரியர் எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்திருந்தார், மூன்றாகக் குறைத்தால் எத்தனை எழுத்து போயிற்று என்ற தகவல் போயிற்று. ‘கோவிசைய’ என்று தொடங்கும் பல்லவர் கால வாசகங்களையும், ஆநிரையைக் குறிக்கும் ‘தொறு’ என்ற சொல்லையும் எந்தத் திருத்தியும் பிழை என்றே சொல்லும். கூத்துப் பிரதியில் விருத்தம், தரு என்ற பாட்டு வகைகள், வசனம் மூன்றும் மூன்று மாதிரி நிற்க வேண்டும். கட்டியங்காரன் நடுவில் புகுந்து பேசும் இடத்தில் வெற்று வரி ஒன்று விட்டிருப்பார்கள். அந்த வெற்று வரிக்கு வேலை இருக்கிறது.

அதனால் எந்த விதியையும் ஓட்டுவதற்கு முன், ஒவ்வொரு நூலையும் தமிழாசிரியரும் நானும் உட்கார்ந்து படித்து, இது கல்வெட்டு, இது பாட்டு, இது வசனம், இது பிறமொழி என்று பகுதிகளுக்குப் பெயர் கொடுத்தோம். கோப்பில் அந்தப் பகுதிகளுக்கு அதே பெயரில் வகுப்பு (கிளாஸ்) என்ற அடையாளம் இட்டோம். மாணவரின் நிரல் பெயரிட்ட பகுதிகளைத் தாண்டிப் போகும், மற்றதை மட்டும் தொடும். சலிப்பான வேலைதான். ஆனால் மொத்த வேலையில் மனிதன் செய்தே ஆக வேண்டிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம். மற்றதை எந்திரம் செய்யும்.

வெளிச்சட்டை

வடிவத்தைப் பொறுத்தவரை கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். வேர்டில் இருந்து மாற்றிய கோப்பில் ஒரு சொல்லுக்கு மூன்று ஸ்பேன் (வடிவத்தைக் காட்டும் குறிச்சொல்), பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இருந்து வந்ததில் பத்திக்கு ஒரு புதுப் பாணி. தலைப்புகள் தலைப்பாக இல்லாமல், தடித்து நடுவில் வைத்த பத்திகளாக இருந்தன, அதனால் பொருளடக்கம் வேலை செய்யவில்லை. அச்சுப் பக்க எண்ணும் பக்கத் தலைப்பும் வாக்கியத்தின் நடுவில் கிடந்தன. காலிபர், சிகில் என்ற மின்னூல் திருத்தும் மென்பொருள்களில் தேடி மாற்றும் வசதியை வைத்தே இவற்றைத் தீர்த்துவிடலாம். தீர்த்தோம்.

எழுத்தளவு, இடைவெளி போன்ற தோற்ற விதிகளைச் சொல்லும் பாணித்தாளை எல்லா நூலுக்கும் பொதுவாக ஒன்றாக்கியபோது டிடிபிக்காரரோடு சின்ன வாக்குவாதம். அவருக்குப் பக்கம் அச்சு நூல் மாதிரியே இருபக்கமும் நேராக நிற்க வேண்டும், அத்தியாயத்தின் முதலெழுத்து பெரிதாகத் தொங்க வேண்டும். நான் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ்ச் சொற்கள் நீளம். போன் அகலத்தில் இருபக்கமும் இழுத்துக் கட்டினால் வரிக்கு இரண்டு சொல் நின்று நடுவில் ஆற்றங்கரை மாதிரி இடைவெளி விழும். முதலெழுத்து ‘கோ’வாக இருந்தால் கொம்பு, க, கால் மூன்றில் எது பெரிதாகும் என்பது ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வொரு மாதிரி. “சரி, போன்ல காட்டுங்க,” என்றார். காட்டியதும் அவரே இடப்பக்கம் மட்டும் நேராக வைக்கச் சொல்லிவிட்டார்.

மற்றபடி பாணித்தாள் சிறியது. எழுத்தளவு பாயின்ட் கணக்கில் இல்லை, படிப்பவர் வைத்த அளவுக்கு ஒப்பாகத்தான். வரி உயரம் ஒன்றரை. அதற்குக் குறைந்தால் சில செயலிகளில் மேலே இகரக் குறியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். எழுத்திடைவெளி என்ற கட்டளையே கிடையாது. எழுத்து நிறத்தைக் கறுப்பு என்று எங்கும் எழுதவில்லை. வேர்டில் இருந்து வந்த கோப்புகளில் பத்திதோறும் கறுப்பு என்று எழுதியிருந்ததால் இரவு முறையில் கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து ஆகிவிட்டது. சாய்வெழுத்தையும் எடுத்துவிட்டோம். தமிழுக்கு உண்மையான சாய்வு வடிவம் பெரும்பாலான எழுத்துருக்களில் இல்லை, செயலி தானே தள்ளிச் சாய்க்கும், படிக்கச் சகிக்காது. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடிப்பு. எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழை உள்ளே வைத்தோம், அதன் உரிமம் அதற்கு இடம் தருகிறது.

கிருஷ்ணகிரி நாட்டுப்பாடல் நூலில் மட்டும் கூடுதல் வேலை. ஓசூர்ப் பக்கம் ஒரே பாட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும், தொகுப்பாசிரியர் அந்தந்த வரியை அந்தந்த எழுத்திலேயே அச்சிட்டிருந்தார். நூல் முழுவதற்கும் மொழி தமிழ் என்று குறித்துவிட்டு, அந்த வரிகளுக்கு மட்டும் தனியாகத் தெலுங்கு, கன்னடம் என்று மொழிக்குறி இட்டோம். அப்படிச் செய்தால்தான் குரல் செயலி அந்தந்த மொழியின் குரலை எடுக்க வழி உண்டு. இதில் வியப்பு என்னவென்றால், வந்த கோப்புகளில் பலவற்றில் நூலின் மொழியே ஆங்கிலம் என்று இருந்தது. யாரும் மாற்றாமல் விட்ட இயல்பமைப்பு. பார்வையற்ற ஆசிரியர் கேட்ட உளறலில் ஒரு பங்கு இதனாலும் வந்தது.

இரண்டு கைகள்

வேலை முழுவதும் ஒரு விதியை விடாமல் பிடித்தோம். எழுத்தைத் திருத்தும் சுற்றில் குறிச்சொற்களைத் தொடுவதில்லை. குறிச்சொற்களைத் திருத்தும் சுற்றில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. இரண்டாவதைச் சோதிப்பது மிக எளிது. முன்னும் பின்னும் இரண்டு கோப்பிலிருந்தும் குறிச்சொற்களையும் இடைவெளிகளையும் உருவிவிட்டு, மிச்சமிருக்கும் எழுத்துச் சரத்தை ஒப்பிட வேண்டும். வெட்டி எடுத்த பக்க எண்களையும் பக்கத் தலைப்புகளையும் தவிர வேறு வித்தியாசம் வந்தால் அந்தச் சுற்று செல்லாது. முதல் சுற்றில் மாறிய சொற்களை மட்டும் பழையது, புதியது, எத்தனை முறை என்று பட்டியலாக்கித் தமிழாசிரியரிடம் தந்தோம். நூல் முழுவதையும் மறுபடி படிக்க வைப்பதைவிட இது அவருக்குச் சுளுவாக இருந்தது. ‘வெளக்கு’ விவகாரம் இந்தப் பட்டியலில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டையும் ஒரே சுற்றில் செய்தால் பிழை எங்கே நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்களுக்கு வந்த கோப்புகளின் நிலையே அதற்குச் சாட்சி. மூலப் பாமினிக் கோப்புகள் சிலரிடம் பத்திரமாக இருந்ததால் பிழைத்தோம். அவை இல்லாத நூல்களில் ஆங்கில மேற்கோள்களை அச்சுப் படியைப் பார்த்துத்தான் மீட்டோம். பழைய பேஜ்மேக்கர் கோப்பையோ பாமினிக் கோப்பையோ “இப்பத்தான் யூனிகோடு ஆயிடுச்சே” என்று அழிப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, தயவுசெய்து வைத்திருங்கள் என்பதுதான். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியபோது யூனிகோடு பரவவில்லை. பின்னாளில் யூனிகோடுக்குக் கொண்டுவர அந்தப் பழைய குறியேற்றக் கோப்புகள்தானே கைகொடுத்தன.

கட்டி மூடுவது

மின்னூல் கோப்பு வடிவமான இபப் என்பது உள்ளே வலைப்பக்கங்களை வைத்த ஒரு ஜிப் பொதி. ஆனால் சாதாரண ஜிப் மாதிரி சுருட்டக்கூடாது. இது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் சிறு கோப்பு பொதியில் முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். கோப்புகளை வெளியே எடுத்துத் திருத்தி, வலச்சொடுக்கில் மறுபடி ஜிப் ஆக்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உள்கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்காமல் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்தோம், சில பழைய செயலிகள் தடுமாறுகின்றன. இபப் மூன்றாம் பதிப்பின் வழிசெலுத்தும் பக்கத்தோடு, பழைய கருவிகளுக்காக இரண்டாம் பதிப்புப் பொருளடக்கக் கோப்பையும் விட்டுவைத்தோம். கடைசியில் பொதியைச் சோதிக்கும் இபப்செக் கருவியில் ஓட்டிப் பிழை பூஜ்யம் என்று வந்தபின்தான் வெளியே தந்தோம். பூஜ்யம் வந்தால் பொதி ஒழுங்காக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். ‘ழக வாந’ இருந்த கோப்பும் அதில் தேறியிருக்கும்.

ஆசிரியர் பெயரை மெட்டாடேட்டாவில் (கோப்பிலுள்ள நூல் விவரக் குறிப்பில்) எழுதுவதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தலைப்பெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா என்று ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு மாதிரி. அதனால் ஒரே ஆசிரியர் போனில் மூன்று ஆளாகத் தெரிந்தார். காட்டும் பெயருக்கு நூலட்டையில் உள்ளபடி, வரிசைப்படுத்தும் பெயருக்குத் தலைப்பெழுத்து கடைசியில் என்று வைத்தோம்.

இப்போது நடுகல் நூலில் தருமபுரியைத் தேடினால் கிடைக்கிறது. பார்வையற்ற ஆசிரியர் முழு நூலையும் கேட்டு முடித்து, கல்வெட்டு வரி எண்களைக் குரல் ஒவ்வொன்றாக வாசிப்பது இடைஞ்சலாக இருக்கிறது என்று அடுத்த குறையைச் சொல்லியிருக்கிறார். நியாயமான குறை. எண்ணைக் கண்ணுக்குக் காட்டி, குரலுக்கு மறைக்கும் முறை எல்லாச் செயலியிலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை, மாணவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூத்துப் பிரதிகளில் ஒன்று பிடிஎஃபாக மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து எழுத்தை உருவினால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி வருகின்றன, இரண்டு பத்தியாக அச்சிட்ட வசனங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதைச் சீர்செய்வதைவிட மறுபடி தட்டுவதே சுருக்கு என்று தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டோம்.